வீட்டில் எலெக்ட்ரிக் கார் சார்ஜ்: ராத்திரி கரண்ட் மலிவா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் 2024 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டணத்தின்படி, அரசு மானியம் போக நம் கையிலிருந்து கட்டுகிற தொகையை வைத்துப் போட்டது. 2025 ஜூலையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உயர்த்திய 3.16 சதவீதத்தை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டது, அதனால் நாம் கட்டும் விலை அப்போது ஏறவில்லை. உங்கள் கடைசி கரண்ட் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் விலை வேறாக இருந்தால் எண்ணை மாற்றிக்கொண்டால் போதும், கணக்குப் போடும் முறை மாறாது.

ராத்திரி 10 மணிக்கு மேல் சார்ஜ் போட்டால் யூனிட் விலை குறையும் என்கிறார்களே?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. பகல் 12 மணிக்கு ஓடிய யூனிட்டும் ராத்திரி 2 மணிக்கு ஓடிய யூனிட்டும் ஒரே விலைதான். உங்கள் வீட்டு மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று மட்டும் கூட்டி வைக்கிறது. எந்த நேரத்தில் ஓடியது என்பது பில் போடும் கணக்கில் வருவதே இல்லை.

இந்தப் பேச்சு இரண்டு வழியாக ஊருக்குள் வந்தது. ஒன்று, யூடியூப். பிரிட்டனில் 1970-களிலிருந்தே இரவு ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த விலையில் கரண்ட் தரும் திட்டம் உண்டு. அங்கே கார் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான், அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொன்று, ஓசூர் கம்பெனிகள். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைக்குக் காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. சிப்காட்டில் மெயின்டெனன்ஸ் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னால் அது அவர் கம்பெனிக்குச் சரி. அவர் வீட்டுக்குப் பொருந்தாது.

அப்படியானால் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. கடிகாரத்தை விட்டுவிட்டு இரண்டு மாத மொத்த யூனிட்டைப் பாருங்கள். நம் ஊரில் விலை ஏறுவது அதை வைத்துத்தான்.

இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டுக்குள் முடிந்தால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால்: முதல் 100 அப்போதும் இலவசம், ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

கார் குடிக்கிற யூனிட் எப்போதும் வீட்டுச் செலவின் தலைமேல் போய் உட்காரும். ஆகவே காருக்கு நீங்கள் கொடுப்பது சராசரி விலை அல்ல, உச்சிப்படியின் விலை, அதாவது மேலே சொன்ன விலைப்படிகளில் உங்கள் மொத்த யூனிட் எட்டிய மேல்படிகளின் விலை. "எங்க வீட்டுல யூனிட் நாலு ரூபாதான் வருது, காருக்கும் அதேதான்" என்று கணக்குப் போடுகிறவர்கள் முதல் பில்லிலேயே திகைத்துப்போவது இதனால்தான்.

என் கார் இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் எடுக்கும்?

டியாகோ, பஞ்ச் மாதிரி சின்ன கார் ஒரு யூனிட் பேட்டரியில் ஏழு கிலோமீட்டர் சுமாராக ஓடும். மெதுவாக ஊருக்குள் ஓட்டினால் எட்டும் வரும். நெடுஞ்சாலையில் 100-ல் போனால், அல்லது சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்தால் குறையும். சுவர் பிளக்கிலிருந்து பேட்டரிக்குப் போவதற்குள் சார்ஜர் சூட்டிலும் ஒயரிலும் பத்து பன்னிரண்டு சதவீதம் வீணாகும். இந்த வீணும் உங்கள் மீட்டரில்தான் ஓடுகிறது, கார் திரையில் தெரியாது.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1,000-ஐ 7-ஆல் வகுத்து 143. அதை 0.88-ஆல் வகுத்தால் 162. இரண்டு மாதத்துக்கு 325 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கார் வாங்கும் முன்னே இந்தக் கணக்கை உங்கள் ஓட்டத்துக்குப் போட்டுவிடுங்கள்.

325 யூனிட் கூடினால் பில் எவ்வளவு ஏறும்?

அது கார் வருவதற்கு முன் உங்கள் வீடு எந்தப் படியில் நின்றது என்பதைப் பொறுத்தது.

ஏ.சி. இல்லாத வீடு, இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். பில் 117.50 ரூபாய். கார் வந்தபின் 475 யூனிட், பில் 1,647.50. காருக்கு மட்டும் 1,530 ரூபாய், யூனிட்டுக்கு 4.71. இதைவிட மலிவாக எந்த ராத்திரிச் சலுகையும் தந்துவிடாது. இந்த வீட்டுக்காரர் வேறு டாரிப் (கட்டண வகை) தேடி அலைய வேண்டாம்.

சராசரி வீடு, 350 யூனிட், பில் 940 ரூபாய். கார் வந்தபின் 675 யூனிட், பில் 3,588.75. காருக்கு 2,648.75, யூனிட்டுக்கு 8.15.

இரண்டு ஏ.சி., ஹீட்டர், போர் மோட்டார் உள்ள வீடு, 600 யூனிட், பில் 2,880 ரூபாய். கார் வந்தபின் 925 யூனிட், பில் 6,082.50. காருக்கு 3,202.50, யூனிட்டுக்கு 9.85.

ஒரே கார், ஒரே ஓட்டம். ஒரு வீட்டில் கிலோமீட்டருக்கு 77 பைசா, இன்னொரு வீட்டில் 1.60 ரூபாய்.

500 யூனிட்டைத் தாண்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

சரியாக 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048.40. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 பைசா. காரணம், 500-ஐத் தாண்டிய நொடியில் 101 முதல் 200 வரையிலான பாதி விலைச் சலுகை பின்னோக்கிப் போய் ரத்தாகிவிடுகிறது. அந்த 235 ரூபாயோடு 501-ஆவது யூனிட்டின் 8.40-ம் சேர்கிறது.

ஆகவே கார் வைத்திருப்பவருக்கு உபயோகமான தேதி ஒன்றுதான், கணக்கீட்டாளர் ரீடிங் எடுக்க வரும் தேதி. உங்கள் சர்வீஸ் ஒற்றைப்படை மாதக் கணக்கா, இரட்டைப்படை மாதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன ரீடிங் பில்லில் இருக்கும். வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து அதைக் கழியுங்கள். 480-ல் நிற்கிறது, ரீடிங்குக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் முழு சார்ஜ் போடாமல் தேவைக்கு மட்டும் போட்டு ஓட்டலாம். தள்ளிப்போட்ட யூனிட் அடுத்த கணக்கில் வரும் என்பது உண்மை. அடுத்த கணக்கிலும் 500-ஐத் தொடப்போகிறீர்கள் என்றால் இதில் லாபமில்லை. பேன், ஏ.சி. ஓடாத மார்கழி, தை மாதங்களுக்குள் போய் விழுந்தால் லாபம்.

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் போய் வருகிறேன். எனக்கு?

போக வர 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 2,500 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 800 யூனிட். வீட்டுச் செலவு 350 என்றால் மொத்தம் 1,150, பில் 8,602.50. காருக்கு 7,662.50, யூனிட்டுக்கு 9.58, கிலோமீட்டருக்கு 1.53 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 என்று வைத்தாலே கிலோமீட்டருக்கு 6.67 ஆகிறது. ஆக, இந்தப் பில்லைப் பார்த்து வருத்தப்படத் தேவையில்லை. ஆனால் குறைக்க வழி இருக்கும்போது கொடுத்துக்கொண்டிருப்பானேன். அலுவலகத்தில் பிளக் கிடைத்தால் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போட்டாலே 10.50, 11.55 படிகள் பெரும்பாலும் கழன்றுவிடும். அடுத்த கேள்வியும் சோலார் கேள்வியும் உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

காருக்கென்று தனி இணைப்பு வாங்கலாமா?

சொந்த வண்டியை வீட்டு இணைப்பிலேயே வீட்டுக் கட்டணத்திலேயே சார்ஜ் செய்யலாம், அதற்கு யாரிடமும் தனி அனுமதி வேண்டாம். மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் வந்த திருத்தம், வேண்டுமென்றால் வண்டி சார்ஜுக்குத் தனி இணைப்பு கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது.

கேட்பதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மூன்று விஷயத்தை எழுத்திலேயே வாங்குங்கள்: எந்த டாரிப் பிரிவில் தருவார்கள், யூனிட் விலை நேரத்துக்கு நேரம் மாறுமா, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று மாத நிலைக்கட்டணம் உண்டா. தனி இணைப்பில் 100 யூனிட் இலவசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

உதாரணத்துக்கு யூனிட் 8 ரூபாய், நிலைக்கட்டணம் மாதம் 300 என்று வைத்துப் பாருங்கள். 325 யூனிட் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்துக்கு 3,200 ரூபாய். மேலே சொன்ன இரண்டு ஏ.சி. வீட்டுக்காரர் வீட்டு இணைப்பிலேயே கொடுப்பது 3,202.50. இரண்டரை ரூபாய் மிச்சத்துக்காக வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை, புது மீட்டர் போர்டு, ஒயரிங் என்று செலவு செய்வதில் அர்த்தமில்லை. 800 யூனிட் ஓட்டும் ஓசூர்க்காரருக்கு 7,000 ஆகும், இரண்டு மாதத்துக்கு 660 ரூபாய் மிச்சம். அவர் யோசிக்கலாம். 350 யூனிட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்குத் தனி இணைப்பு பெரும்பாலும் நஷ்டம்.

வீட்டுப் பயன்பாடு என்று சொல்லி அதே வீட்டுக்கு இரண்டாவது வீட்டு இணைப்பு வாங்கி, இரண்டிலும் இலவச 100-ஐ அனுபவிக்கலாம் என்று சில எலெக்ட்ரீஷியன்கள் யோசனை சொல்வார்கள். தனி வாசல், தனி சமையலறை இல்லாத வீட்டில் இது ஆய்வில் நிற்காது.

தோட்டத்து மோட்டார் கொட்டகையில் இலவச கரண்ட் இருக்கிறது. அங்கே போடலாமே?

கூடாது. விவசாய இணைப்பு பம்புசெட்டுக்காகக் கொடுத்தது. அதில் கார் போடுவது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய டாரிப்பைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குப் போடலாம். இணைப்பையே இழக்க நேரும், விவசாய இணைப்பு மறுபடி கிடைக்க எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது பென்னாகரத்துக்காரருக்கும் ஊத்தங்கரைக்காரருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொழில்நுட்பமாகவும் அந்த லைன் கார் சார்ஜருக்கு ஆகாது. மும்முனை வரும் நேரம் போகும் நேரம், பக்கத்து மோட்டார்கள் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழுவது, இரண்டையும் சார்ஜர் தாங்காது.

மாடி வீட்டு மீட்டரிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒயர் இழுப்பதும் இதே பிரிவில்தான் வரும்.

வாடகை வீடு. ஓனரிடம் எப்படிப் பேசுவது?

சார்ஜிங் பிளக்குக்கு முன்னால் காருக்குப் போகும் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் ஒரு சிங்கிள் பேஸ் சப் மீட்டர் மாட்டுங்கள். வீட்டுக்குத் தனி சர்வீஸ் இருந்து பில் உங்கள் பெயரில் நீங்களே கட்டினால் பிரச்சினையே இல்லை. ஓனர் வீட்டு மீட்டரிலிருந்து கரண்ட் வருகிறது என்றால் சண்டை வரும் இடம் விலைதான். அவருக்கு உங்கள் காரால் கூடுவது உச்சிப்படி விலை, சராசரி விலை அல்ல. மேலே போட்டது போலக் கார் இல்லாத பில், கார் உள்ள பில் இரண்டையும் காகிதத்தில் எழுதிக் காட்டி வித்தியாசத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள். "யூனிட்டுக்கு அஞ்சு ரூபா தர்றேங்கண்ணா" என்று பேசி முடித்தால் அவர் கையிலிருந்துதான் போகும், இரண்டாவது பில்லுக்கே பிளக்கைக் கழற்றச் சொல்லிவிடுவார்.

சோலார் போட்டால்?

இந்தக் கணக்கில் சோலாருக்கு ஒரு விசேஷம் உண்டு. அது உச்சியிலிருந்து வெட்டும். நெட் மீட்டரில் கூரையில் விளைந்த யூனிட் போக மிச்சத்துக்குத்தான் படி விலை. அதனால் முதலில் கழிவது 11.55, பிறகு 10.50, பிறகு 9.45.

ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 720. ஓசூர் போய் வருபவரின் 1,150-ல் 720 போனால் 430, பில் 1,364 ரூபாய். முன்பு 8,602.50. இரண்டு மாதத்தில் 7,238 ரூபாய் மிச்சம், அதாவது சோலாரின் ஒவ்வொரு யூனிட்டும் பத்து ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறது. சோலாருக்கென்று பில்லில் தனிக் கட்டணம் ஏதும் வந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விளைச்சல் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாறாக, முதலில் சொன்ன 150 யூனிட் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு அதிகபட்சம் மிச்சமாவதே 1,647 ரூபாய்தான். அவர் அவசரப்பட வேண்டாம்.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும். பகலில் கார் வீட்டில் இல்லையே, சோலார் கரண்ட் வீணாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. பகலில் லைனுக்குக் கொடுத்ததை ராத்திரி திரும்ப எடுக்கிறீர்கள், மீட்டர் கழித்துக்கொள்ளும்.

நேரத்துக்கேற்ற கட்டணம் வீடுகளுக்கும் வரப்போகிறதாமே?

2023 ஜூனில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. விவசாயம் தவிர மற்ற எல்லா நுகர்வோருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் நேர வாரிக் கட்டணம், அதுவும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய பிறகு என்பது அதன் சாரம். அந்த விதிப்படி சூரிய ஒளி நேரமான எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்துக்கு வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். நம் வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் வராமல் இது பில்லில் வராது.

இதில் கவனிக்கவேண்டியது, மலிவு நேரம் பகல். ராத்திரி அல்ல. நாடு முழுக்கப் பகலில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது, மாலை 6 மணிக்கு மேல் தட்டுப்பாடு. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2024-ல் மத்திய மின் அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதலிலும் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை நுகர்வோருக்குக் கொண்டுசேர்க்க ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்றுதான் இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆள் வரும் நாளில் இரவுப் பழக்கத்தை மாற்றவேண்டிவரும். கார் பகலில் வீட்டிலேயே நிற்கும் ஓய்வுபெற்றவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர், கடை வீட்டோடு உள்ளவர் இவர்களுக்கு அது உண்மையான லாபம்.

சரி, இப்போதைக்கு எந்த நேரத்தில் போடுவது நல்லது?

விலைக்காக இல்லாவிட்டாலும் ராத்திரி 11 முதல் காலை 5 வரை போடுவது நல்லது. காரணம் வோல்டேஜ்.

மாலை 6 முதல் 10 வரை எல்லா வீட்டிலும் லைட், மிக்ஸி, டிவி, ஏ.சி. டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்கு 185 வோல்ட் வருவது சாதாரணம். சார்ஜர் இழுக்கும் ஆம்பியர் மாறாது. 13.5 ஆம்பியரில் 230 வோல்ட் என்றால் 3.1 கிலோவாட், 185 என்றால் 2.5 கிலோவாட்தான். எட்டு மணி நேரத்தில் ஐந்து யூனிட் குறைவாக ஏறும், அது 30 கிலோமீட்டர் ஓட்டம். இன்னும் கீழே விழுந்தால் சார்ஜர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். காலையில் பார்த்தால் 43 சதவீதத்தில் நிற்கும்.

இன்னொரு காரணம், வீட்டு மின்பளு. 4 கிலோவாட் அளவுக்கு வாங்கிய சிங்கிள் பேஸ் வீட்டில் 3 கிலோவாட் சார்ஜரும் 2 கிலோவாட் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் மெயின் விழும், அல்லது பியூஸ் கட்டை கருகும். அதிகாலை ஹீட்டர் போடுவதற்குள் சார்ஜ் முடிந்துவிட வேண்டும்.

சார்ஜ் நேரத்தை எதில் செட் செய்வது?

காரின் திரையிலோ கார் கம்பெனி ஆப்பிலோ செட் செய்யுங்கள். பிளக்கில் மாட்டும் டைமர் ஸ்விட்ச் வேண்டாம். 13 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது படக்கென்று வெட்டும், சில மாதத்தில் உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.

நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் சில சார்ஜர் தானே தொடரும், சில தொடராது. கார் வாங்கிய முதல் வாரத்திலேயே சார்ஜர் லைனின் எம்.சி.பி.யை (லோடு கூடினால் தானே விழும் ஸ்விட்ச்) இரண்டு நிமிடம் அணைத்துப் போட்டு உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள். தானே தொடராத ரகம் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளுக்கு முந்தைய இரவே நிறைத்துவிடுவது நல்லது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சார்ஜிங் பிளக் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்ந்திருந்தால் கரண்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் ஓவர்லோடு ஆகி அலறும்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் தேவையா?

24 யூனிட் பேட்டரி உள்ள காருக்குச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் காலியிலிருந்து நிறைய ஒன்பது மணி நேரம். தினம் 50 கிலோமீட்டர் ஓடினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். 7.2 கிலோவாட் தேவையே இல்லை. 45 யூனிட் பேட்டரி, தினம் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் என்றால்தான் தேவை.

அதை வைக்க மும்முனை இணைப்பும் கூடுதல் மின்பளுவும் வேண்டும். மும்முனை வந்தாலும் அந்த சார்ஜர் 32 ஆம்பியரையும் ஒரே பேஸிலிருந்துதான் இழுக்கும். ஏ.சி., ஹீட்டர், மோட்டாரை மற்ற இரண்டு பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் இதைத் தானாகச் செய்வார் என்று நம்பி விட்டால் எல்லாம் ஆர் பேஸ் என்கிற ஒரே பேஸிலேயே தொங்கும். வேகமான சார்ஜர் யூனிட் விலையைக் குறைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒயரிங் எப்படி இருக்கவேண்டும்?

டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) பிளக் வரை தனி லைன், நடுவில் ஜாயின்ட் இல்லாமல். 15 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர், 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) ஏ டைப். சார்ஜரோடு வந்த கையேட்டில் வேறு சொல்லியிருந்தால் அதுவே. 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர், தூரம் அதிகமென்றால் 10. மழை படாத இடத்தில் இன்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டுங்கள். ஹாலில் இருக்கும் 2.5 ஒயர் பவர் பிளக்கில் 30 மீட்டர் தள்ளிப் போட்டால் ஒயரிலேயே 100 வாட் சூடாகப் போகும், எட்டு மணி நேரத்தில் 0.8 யூனிட் சுவருக்குள் வீண். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் சார்ஜில் அரை மணி நேரம் கழித்து பிளக் தலையைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

சார்ஜர் "எர்த் பால்ட்" காட்டி நிற்கிறது. பழைய வீட்டிலும் புது வீட்டிலும் இதே கதை.

நம் மாவட்டங்களில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். பாறையும் செம்மண்ணும். ஆறடி தோண்டினால் கல் தட்டுகிறது, எர்த் பைப்பை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வேலை செய்யும், பங்குனி, சித்திரையில் மண் காய்ந்ததும் எர்த் ரெசிஸ்டன்ஸ் எகிறும், சார்ஜர் மறுக்கும்.

டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்து "எரியுதுங்க, எர்த் நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள். 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும், 50 ஓம் உள்ள மோசமான எர்த்திலும் பளிச்சென்று எரியும். எர்த் டெஸ்டர் கொண்டு அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் வரவேண்டும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

சரி செய்ய, பைப்பைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண் அல்லது எர்த்திங் கலவை நிரப்புங்கள். ஒன்று போதாவிட்டால் மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கலாம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர். துணி துவைக்கும் தண்ணீர் போகும் ஓரத்தில் குழியைப் போட்டால் அந்த வேலையும் மிச்சம்.

ஒன்றை மட்டும் செய்யவே விடாதீர்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒயர் போட்டுச் சேர்த்துவிட்டால் சார்ஜர் ஓடும், எலெக்ட்ரீஷியனும் பணம் வாங்கிப் போய்விடுவார். எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் கார் பாடி முழுக்க 230 வோல்ட்.

ஸ்கூட்டருக்கும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகி வரும் ஸ்கூட்டர்களில் 3 யூனிட் பேட்டரி என்றால் முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட் சுமார். உங்கள் வீடு 430-லிருந்து 500 விளிம்பில் இருந்தால் மட்டும் ரீடிங் தேதியைப் பாருங்கள்.

பில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால்?

முதலில் ரீடிங் எடுத்த இரண்டு தேதிகளையும் பாருங்கள். கணக்கீட்டாளர் பத்து நாள் தாமதமாக வந்திருந்தால் எழுபது நாள் யூனிட் சேர்ந்து மேல்படிக்குப் போயிருக்கும். பில் தேதிக்கு அன்றைய மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச எளிது. பிறகு சப் மீட்டர் எண்ணைக் கழித்து வீட்டுச் செலவு மட்டும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் குற்றவாளி கார் அல்ல, வைகாசி ஏ.சி. அப்படியும் பொருந்தாவிட்டால் பிரிவு அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல் இருபத்துநான்கு மணி நேரமும் புகார் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைத்துவிடாதீர்கள்.